ஒரு ஆள் வண்டி

“ஓட்டறது ஒருத்தருங்களா, ரெண்டு பேருங்களா?”

டயர்க் கடை சென்னியப்பன் இரண்டாம் தடவையாகக் கேட்டார்.

அவள் எதிரே நின்ற இரண்டு டயர்களையும் பார்த்தாள். இரண்டும் கறுப்பு. இரண்டும் வட்டம்.

கடைக்காரர் கேட்பதில் தப்பில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலி மைதானத்தில் பிளாஸ்டிக் கோன்களை நட்டு, அவற்றுக்கு நடுவே வளைத்து வளைத்துக் கார் ஓட்டி, செகண்டுக் கணக்கில் சண்டை போடுகிற பைத்தியங்கள் கோயம்புத்தூரில் ஒரு முப்பது பேர் தேறுவார்கள். கோப்பை பித்தளைதான். ரோட்டில் ஓடும் சாதா டயரைத்தான் மாட்ட வேண்டும் என்பது விதி. முப்பது பேருக்கும் டயர் தருகிறவர் இவர்.

மெத்து ரப்பர் சட்டென்று சூடேறித் தரையைப் பிடித்துக்கொள்ளும். ஒரே ஆள் ஓட்டிவிட்டு ஆற விட்டால் அதை அடிக்க ஆளில்லை. ஒருவர் இறங்க அடுத்தவர் ஏற என்று இரண்டு பேர் ஓயாமல் விரட்டினால், வெந்துபோய் வழுக்கும். அதற்குக் கெட்டி ரப்பர்.

அவ்வளவுதான் கேள்வி. ஒன்றா, இரண்டா. பால்வாடிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

அவளுக்கு வாய் வரவில்லை.

பதினோரு வருடமாக விடை இரண்டு. அவளும் அவள் கணவர் கனகராஜும். காருக்கு இருபத்தெட்டு வயது. சிவப்பு, இரண்டே சீட்டு. யாரோ ஒரு மில்காரர் வீட்டு ஷெட்டில் கோழி அடைந்து கிடந்ததை மீட்டுக்கொண்டு வந்தார்கள். முதல் மூன்று வருடம் சென்னியப்பன் இரண்டாவது ஆள் வேறு யாரோ, அவள் வெறுமனே கூட வந்தவள் என்று நினைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்தார். மைதானத்திலோ மாதா மாதம் அவள்தான் கணவரைவிட அரை செகண்டு முந்துவாள்.

“காரு உனக்குத்தான் வாலாட்டுது” என்பார் கனகராஜ்.

மூன்று வாரத்துக்கு முன்பு இட்லித் தட்டின் மேல் அவர் சரிந்தார். வலிப்பு. இது இரண்டாவது தடவை. இனிமேல் ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவள் ஓட்டுகிறாள். அவர் இடது சீட்டில் உட்கார்ந்து வருகிறார். அதைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது.

இன்று அவர் இடது பக்கக் கதவைத் திறந்து இறங்கியதைக் கடைக்காரர் பார்த்துவிட்டார். அதனால்தான் கேட்கிறார்.

மூன்று வாரமாக அவளுக்கு அழுகையும் வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி இறங்காத கன்னம்போல உடம்பு மொத்தமும் மரத்துக் கிடந்தது. சமைத்தாள். சாப்பிட்டாள். மாத்திரையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

கனகராஜ் வாசலில் காரின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். காதில் விழுகிற தூரம்தான்.

ஒன்று என்று சொன்னால், மைதானத்தைவிட்டு அவரை அவளே கையைப் பிடித்து வெளியே அனுப்பின மாதிரி. இரண்டு என்று சொன்னால், ஞாயிற்றுக்கிழமை சூடேறாத கெட்டி டயரை வைத்துக்கொண்டு அவள் ஒருத்தியாக எல்லோரிடமும் தோற்பாள். தோற்பது பரவாயில்லை என்று பட்டது.

“ரெண்டு” என்றாள்.

சென்னியப்பன் கெட்டி டயரை வாசலுக்கு உருட்டிவிட்டார்.

டயரை ஒரு செருப்புக் கால் தடுத்து நிறுத்தியது. கனகராஜ் குனிந்து, கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்திப் பார்த்தார்.

“இது எதுக்குங்க? ரெண்டு ரவுண்டு போற வரைக்கும் சூடே ஏறாது. மெத்துனு இருக்கறத மாட்டுங்க. ஒரு ஆளு ஓட்டற வண்டிங்க இது.”

காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்கிறவர்போலச் சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம்.

“அப்படியே அந்த இடது சீட்டையும் கழட்டிருங்க. நாலு போல்ட்டுத்தான். எடை கொறையும். அம்மிணிக்கு இன்னும் அரை செகண்டு கெடைக்கும்.”

“அப்ப நீங்க எதுல போவீங்க?”

“பஸ்ஸு ஓடுதுங்களே.”

சென்னியப்பன் சிரித்தார். கனகராஜும் கூடவே சிரித்தார். சென்னியப்பன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காரை நோக்கிப் போனார்.

அவளுக்குக் கோபம் வந்தது.

மூன்று வாரமாக வராமல் இருந்த எல்லாவற்றுக்கும் சேர்த்து அது ஒன்றே வந்தது. அரை செகண்டாம். யார் கேட்டது இவரிடம் அரை செகண்டு?

அவள் விறுவிறுவென்று நடந்து, ஸ்பேனரையும் அதைப் பிடித்திருந்தவரையும் தாண்டி, காரின் இடது பக்கக் கதவைத் திறந்தாள். உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

பக்கத்தில் ஓட்டுகிற சீட்டு காலியாக இருந்தது.

சென்னியப்பன் குனிந்து கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கனகராஜைப் பார்த்தார்.

“அம்மிணி, எறங்கு” என்றார் கனகராஜ்.

அவள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே கடையின் சுவர்தான் இருந்தது.

கனகராஜ் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“டயரை மட்டும் மாத்துங்க” என்றார் கடைக்காரரிடம். “சீட்டுல ஆளிருக்குதுங்க.”



ஜாக்கி வைத்தார்கள். அவளோடு சேர்த்தே கார் மெல்ல மேலே ஏறியது.