மீன் ஊசி

"ஊசி வேணாம்னா வேணாம்தான், டாக்டரே! சும்மா ரோதன பண்ணாதீங்க."

செல்வாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். டாக்டர் ஜானகிராமனுக்கு எரிச்சலாக வந்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். முதுகுத்தண்டில் இரண்டு எலும்பு நசுங்கியிருந்தது.

"சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஒரு வருஷமா சாப்பிடறீங்க, ஒண்ணும் கேக்கல. எலும்பு அப்பளமா இருக்கு. தடுக்கி விழுந்தா இடுப்பு உடைஞ்சு படுத்த படுக்கைதான். இது பிரான்சுல இருந்து வந்த புது ஊசிம்மா."

"படுத்துட்டா கஞ்சி ஊத்த எனக்கு நாதி இல்ல. அது தெரியும். ஆனா எதுல செஞ்ச ஊசின்னு நீங்கதான சொன்னீங்க? மீனுல!"

ஏன்தான் வாயை விட்டோமோ என்று டாக்டர் நொந்துகொண்டார். கும்பகோணத்திலிருந்து புதுச்சேரிக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம். இந்த ஊரில் ஒரு சைவம் அகப்பட்டதே அவருக்கு அதிசயம்.

"நானும் சைவம்தாம்மா. மருந்துக்கு தோஷம் கிடையாது. எனக்கு வந்தா நானே போட்டுப்பேன்."

"நீங்க போட்டுக்குங்க. பதிமூணு வருஷமா வாயில வைக்காதத நான் ரத்தத்துல ஏத்திக்கணுமா? செத்தாலும் மாட்டேன்."

உடும்புப்பிடி. சாமிக்கு ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்தவர், தோற்றுப்போய் வேறு மாத்திரை எழுதினார்.

"இது ஊசி மாதிரி வேகமா கேக்காது. கனமா எதையும் தூக்கக் கூடாது, தெரியுதா?"

"பாக்கறேன்" என்று கிளம்பியவள் சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டாள்.

டாக்டர் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், ஈரச் சாக்கு போர்த்திய பெரிய கூடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் செல்வாம்பாள். சாக்கு விலகியதும் உள்ளே வஞ்சிரமும் சங்கராவும் தெரிந்தன.

டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "மீன் விக்கறீங்களா? அப்போ சைவம்னு..."

"நான் எங்க சொன்னேன்? நீங்களா நெனச்சிக்கினீங்க. சித்த கை குடுங்க."

வேறு வழியில்லாமல் ஒரு கை கொடுத்தார். கூடை தலைக்கு ஏறியது. கூன் விழுந்த முதுகை அவள் முடிந்தவரை நிமிர்த்திக்கொண்டாள்.

"பதிமூணு வருஷம் முன்ன, எழுபத்திரண்டு புயல்ல என் மவன் பக்கிரிய கடல் கொண்டுபோச்சு. ஒடம்பு கூட கெடைக்கல. அன்னையிலருந்து மீன வெட்டறேன், விக்கறேன், ஒண்ணையும் விடல. ஆனா வாயில வைக்கணும்னா, எம் புள்ளையத் தின்ன மீனு எதுன்னு எனக்கு எப்படித் தெரியும், டாக்டரே?"