ஃப்ரிட்ஜில் குறையும் முட்டை

அறிவியல் வாத்தியாரின் மனைவிக்கு ஒரு வாரமாகவே உறுத்தல். ராத்திரி ஃப்ரிட்ஜில் இருக்கிற முட்டை காலையில் குறைகிறது. கணவரும் விடிந்ததும் விடியாததுமாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

"இந்நேரத்துக்கு எங்கே?"

"ஸ்கூலுக்குத்தான். கோழி வளர்க்கிறோம்ல? சாப்பாடு எங்கேருந்து வருதுன்னு பிள்ளைங்க தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"அங்கேதான் கோழி முட்டையா போட்டுத் தள்ளுதுன்னீங்களே! நம்ம வீட்டு முட்டை யாருக்குப் போகுது?"

அவர் காதில் விழாததுபோல் செருப்பை மாட்டினார்.

எவள் என்று பார்த்துவிடலாம் என்று பின்னாலேயே போனாள். பள்ளியில் ஈ காக்கை இல்லை. கோழிக்கூண்டின் முன் மண்டியிட்டிருந்தவர், பையிலிருந்து முட்டைகளை எடுத்து, குளிர் போக உள்ளங்கையில் தேய்த்து, ஒவ்வொன்றாக வைக்கோலில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க கூத்து இது?"

வாத்தியார் உதட்டில் விரலை வைத்தார். "கத்தாதே! ஒண்ணுகூட முட்டை போடலை. பிள்ளைங்க தினமும் வந்து ஆசையா தேடுதுங்க. குஞ்சா இருக்கும்போது நான்தான் பார்த்துப் பார்த்து வாங்கினேன்..."

"அதுக்கென்ன? வளர்ந்தா தானா போடப்போகுது!"

அவர் வாயைத் திறக்குமுன், கூண்டிலிருந்த ஐந்தும் கழுத்தை நீட்டி, "கொக்கரக்கோ!" என்று கூவின.