'அனைவரும்' என்ற கட்டம்

மதிய வெயில் கணினித் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. நோயாளிகளுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப்பைச் செய்பவன், 'சர்க்கரை மாத்திரை இன்னொன்று போடவும்' என்ற சோதனைச் செய்தியைத் தன் போனுக்கு மட்டும்தான் அனுப்புவதாக நினைத்து அழுத்துகிறான். பக்கத்து மேசையில் போன் அதிர்கிறது. எதிர் மேசையில் இன்னொன்று. கலைந்த தேன்கூடாக அறையே இரைகிறது. "டேய், எனக்கேதுடா சர்க்கரை?" என்று சிரிக்கும் கூட்டாளி, அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்குகிறான். திரையில், பெறுபவர் பட்டியலில், 'அனைவரும்' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறது. கடல் தாண்டியிருக்கும், சர்க்கரை நோயுள்ள அம்மாவின் போனிலும் இதே ஆப். உடனே அவளை அழைக்கிறான். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. "சொல்லுப்பா." "அம்மா, மாத்திரை இன்னொண்ணு போடச் சொல்லி..." "நீ செஞ்ச ஆப்பு தப்பாவா சொல்லும்? அப்பவே போட்டுட்டேன்பா."