குடிகாரி பெர்லிட்டா

"குடியை விடணும்னு நினைக்கிறவங்க கூட்டம் எங்க நடக்குது, நர்ஸம்மா? எனக்குத்தான் கேக்கறேன்."

சுகாதார நிலையத்தில் வரிசையாக நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெர்லிட்டா குரலைத் தாழ்த்தவே இல்லை. நர்ஸ்தான் தாழ்த்தினாள். பக்கத்து ஊர் மாதா கோவிலுக்குப் பின்னால், புதன்கிழமை சாயங்காலம், துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம் என்று காதோடு சொன்னாள்.

படகுகள் கரை சேர்வதற்குள் சேதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

ரெமெதியோஸின் பெட்டிக்கடையில் பெண்கள் கூடினார்கள். முகத்தைப் பார்த்தால் தெரியவே இல்லையே என்றாள் ஒருத்தி. வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்துக் குடிப்பாளாயிருக்கும் என்றாள் ரெமெதியோஸ். போன மாதம் அவள் புருஷன் இசித்ரோ படகிலிருந்து கடலில் விழுந்தானே, அதுவும் இவளை நினைத்து மனசு கலங்கித்தான் என்று முடிவானது. இசித்ரோவும் குடிப்பவன்தான். ஆனால் ஆம்பளை குடிப்பதை அந்த ஊரில் யாரும் குடி என்று சொல்வதில்லை.

மறுநாள் காலையில் இசித்ரோவின் அக்கா கொன்சோர்சியா வந்து நின்றாள்.

"எங்க வம்சத்துல எந்தப் பொம்பளையாவது கிளாஸைத் தொட்டிருக்காளா? என் தம்பி மானத்தை வாங்கிட்டியேடி."

"ஆமாக்கா, குடிதான். விடணும்னு போறேன். அதுக்கென்ன இப்போ?"

"கொஞ்சமாவது வெக்கம் இருக்கா உனக்கு?"

"வெக்கப்பட்டு வீட்டுக்குள்ள உட்கார்ந்தா குடி போயிடுமா?"

இசித்ரோ வலையைத் தைத்தபடி குனிந்திருந்தான். பெண்டாட்டியை ஒரு வார்த்தை அதட்டக்கூடத் தெரியாத அப்பாவி என்று அக்காவுக்கு வயிறு எரிந்தது.

மே மாதத்தில் மாதா சிலைக்குப் பூ அலங்காரம் செய்வது வருஷா வருஷம் பெர்லிட்டாதான். இந்தத் தடவை கோவில் பெண்கள் அதை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அது மட்டும் அவளுக்கு ரொம்ப வலித்தது. ஆனாலும் ஊர்வலத்தில் முதல் வரிசையில் போய் நின்றாள். பக்கத்தில் ஒருத்தி மூக்கைப் பொத்தியதும், நன்றாக மோந்து பார்த்துக்கொள் என்று முகத்தை அவள் கிட்டே கொண்டுபோய் நீட்டினாள்.

சாயங்காலமானால் ஆண்கள் படகுகளுக்குப் பக்கத்தில் வட்டமாக உட்காருவார்கள். தென்னங்கள்ளில் முதல் சொட்டு மண்ணுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஆவிகளுக்காக. அப்புறம் ஒரே கிளாஸ்தான், அது எல்லோர் கைக்கும் சுற்றி வரும். ஊற்றிக் கொடுப்பவன் கோரியோ. வேண்டாம் என்று ஒருவன் சொல்லிவிட்டால் அது வட்டத்துக்கே அவமானம். முன்னே ஒருமுறை இசித்ரோ வேண்டாமென்று தலையாட்டியபோது, பெண்டாட்டி பாவாடைக்குள்ள ஒளிஞ்சிருக்கியா என்று சிரித்து இரண்டு மடங்காக ஊற்றினார்கள்.

இப்போது அப்படியில்லை.

"எனக்கு வேணாம் கோரியோ. என் மேல வாசனை வந்தாலே அவளுக்கு ஆசை வந்துடும்னு கூட்டத்துல சொல்லியிருக்காங்க."

கோரியோ அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். கிளாஸ் அவனைத் தாண்டிப் போனது. புதன்கிழமை தவறாமல் துணைக்கும் போகிறானே, இப்படி ஒரு புருஷன் கிடைக்க அவள் கொடுத்து வைத்தவள் என்று பேசிக்கொண்டார்கள்.

கொன்சோர்சியாவுக்கு மனசு ஆறவில்லை. கூட்டம் என்று சொல்லித் தம்பியை எங்கே இழுத்துக்கொண்டு அலைகிறாளோ, இன்றைக்குப் பார்த்துவிடுகிறேன் என்று கடையில் சொல்லிவிட்டு, அடுத்த ஜீப்பில் ஏறிப் பின்னாலேயே போனாள். கோவிலுக்குப் பின்னால் இருந்த அறையை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

பெர்லிட்டா ஓரமாக நின்று காப்பி கலந்துகொண்டிருந்தாள். பேச எழுந்தவன் இசித்ரோ.

"என் பேரு இசித்ரோ. நான் குடிகாரன். போதையில கடல்ல விழுந்து, செத்துப் பொழைச்சவன்."

கொன்சோர்சியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளைக் கவனித்துவிட்ட பெர்லிட்டா வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"போய்ச் சொல்லுங்கக்கா ஊர்ல. இன்னைக்கே கோரியோ அவர் கையில கிளாஸைத் திணிப்பான். எனக்கு என்ன பேரு வேணும்னாலும் வைக்கட்டும். எனக்கு அவர் உயிரோட வேணும்."

கொன்சோர்சியா திரும்பி ஜீப் ஏறினாள்.

கடை வாசலில் பெண்கள் காத்திருந்தார்கள். சிகரெட் வாங்க வந்த கோரியோவும் நின்றிருந்தான்.

"நேர்ல பார்த்தியா? நிஜமாவே அவ குடிகாரிதானா?" என்று கேட்டாள் ரெமெதியோஸ்.

கொன்சோர்சியா கோரியோவைப் பார்த்தபடியே உரக்கச் சொன்னாள்.

"மொடாக்குடிகாரி. எங்க வம்சத்துலயே குடிகாரின்னா அவ ஒருத்திதான். அதனால என் தம்பி பக்கம் எவனாவது கிளாஸை நீட்டினீங்க, கையை ஒடிச்சுடுவேன்."