போர்டை மறைத்த வாகை

சித்தூர் கடைவீதியில் உச்சிவெயில் காய்கிறது. தூங்குமூஞ்சி வாகையின் அடியில் மோர் விற்கும் மயிலாத்தாளின் பானை மேல் கருகிய இலைகள் ஓயாமல் உதிர்கின்றன. ஒரே வாரத்தில் பாதி மரம் மொட்டையாகிவிட்டது. பட்டையில் களிமண் அப்பியிருக்கும் இடத்தை அவள் நகத்தால் கீறுகிறாள். விரல் நுழையும் அளவுக்குத் துளை. உள்ளிருந்து ஆசிட் நெடி அடிக்கிறது. எதிரே உள்ள புதுத் துணிக்கடையின் முதலாளி சிவப்பிரகாசம் கழுத்தைத் துடைத்தபடி வருகிறார்.

"ஏனுங்க, மரத்துல ஆசிட் ஊத்துனது நீங்கதானுங்களா?"

"கடை போர்டு தெரியோணுமில்லீங்க அக்கா," என்கிறார் அவர், வெகு சாதாரணமாக. "ஒரு மோர் குடுங்க, வெயில் தாங்கல." இலை மிச்சமிருக்கும் கிளைக்கு அடியில் ஒதுங்கிக் கையை நீட்டுகிறார்.

மயிலாத்தாள் டம்ளரைக் கவிழ்த்து வைக்கிறாள்.

"மொதல்ல அந்த நெழல உட்டு வெளிய போங்க."