ஒரு பக்கம் மட்டும் கோணல்

சாண்ட்விச்சோடு வைக்க முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டே சமையலறைத் திறப்பு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீயணைப்பு நிலையக் கூடத்தில் எங்கள் ஊர் நாணயச் சங்கக் கூட்டம். இந்த மாதம் சாப்பாடு போடுவது எங்கள் வீட்டின் முறை.

"எம்மெட், எழுந்திரு," என்றார் தலைவர் ரஸ்னக்.

எம்மெட் என் மாமனார். எழுந்து நின்றார்.

"நீ சங்கத்தோட அரை டாலரை அரத்தால ராவி வெள்ளியை எடுத்துட்டேன்னு ஊர்ல பேச்சு. இன்னைக்குக் காசை மேஜை மேல வச்சே கேட்டுடலாம்."

என் கத்தி அப்படியே நின்றுவிட்டது.

1795-ல் அடித்த காசு அது. சங்கத்துக்கென்று இருப்பது அது ஒன்றுதான். ரொம்ப வருஷமாக மாமனார் பாதுகாப்பில் இருக்கிறது. சுற்றியிருந்த பித்தளை வளையம் விரிசல் விட்டதென்று சமீபத்தில் கழற்றினார். அப்போதுதான் விளிம்பு வெளியே தெரிந்தது. அந்தக் காசில் ஒரு பக்கம் பெண் தலை, மறுபக்கம் கழுகு; இரண்டு பக்கமும் ஓரத்தைச் சுற்றிப் பல் பல்லாக ஓடும். பெண் தலை இருக்கும் பக்கத்தில், இடதுபுறம் மட்டும் பற்களே இல்லை. மாமனாருக்குப் பழக்கமெல்லாம் செப்புச் சென்ட் காசுகளோடுதான். ஏன் இல்லை என்று அவருக்கே புரியவில்லை.

அவர்தான் ராவிவிட்டார் என்று முதலில் கிசுகிசுத்தவர் சங்க உறுப்பினர் டாயில். பிறகு எல்லாரும். சனிக்கிழமை காலையில் சிநேகிதர்களோடு ஓட்டலில் சாப்பிடப் போவதையே மாமனார் விட்டுவிட்டார்.

ஆனாலும் முகத்துக்கு நேரே யாரும் கேட்டதில்லை. கேட்டது ரஸ்னக்தான். அதுவும் இத்தனை பேருக்கு முன்னால். பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதராம்.

"நான் ராவலப்பா," என்றார் மாமனார்.

"ராவினவன் வேற என்ன சொல்லுவான்?" ரஸ்னக் திரும்பினார். "டாயில், நீ வா. இந்தச் சங்கத்துலயே கூர்மையான கண்ணு உனக்குத்தான்னு நீயே சொல்லிக்குவ. பக்கவாட்டு விளிம்புல எழுத்து ஓடுதே, அது எங்க தேஞ்சிருக்குன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி."

டாயில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். பூதக்கண்ணாடியை வைத்து, காசை விரல் நுனியில் உருட்டினார்.

"ஐம்பது சென்ட்... அல்லது... அரை டாலர்." மறுபடி உருட்டினார். "எங்கயும் தேயல."

"நல்லா பாரு. அரம் பட்டா எழுத்துதானே முதல்ல போகும்?"

"எனக்கே பாடமா? முழுசா இருக்குங்கறேன்."

"சரி, பல் இல்லாத இடத்துல விரலை வச்சுக்கிட்டு அப்படியே திருப்பு. ராவியிருந்தா கழுகுப் பக்கமும் போயிருக்கணும்."

டாயில் திருப்பினார். கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"கழுகுப் பக்கம் பல் வரிசை கச்சிதமா இருக்கு. கழுகும் நட்ட நடுவுல."

"அப்போ அந்தப் பக்கத்துப் பல்லை எலி தின்னுச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். டாயிலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"யோவ், ஒரு பக்கம் மட்டும் தள்ளிப் போயிருந்தா, அடிக்கும்போதே அந்தப் பக்கத்து அச்சு நகர்ந்திருக்குன்னு அர்த்தம். இதோ வலதுபுறம் பாரு, பல் எவ்வளவு நீளம். இடதுல குறைஞ்சது அங்க ஏறியிருக்கு. இந்தக் காசு பிறந்ததே இப்படித்தான்யா. எம்மெட் இதுல ஒரு தூசு வெள்ளி எடுக்கல."

"நிச்சயமா?"

"என் பேரை வச்சுச் சொல்றேன். போதுமா?"

கூடம் முழுக்கக் கைதட்டல். மேஜைகள் அதிர்ந்தன. மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றார். ஜெயித்த சண்டைக்காரர் மாதிரி இருந்தது. நானும் கத்தியைப் போட்டுவிட்டுக் கைதட்டினேன்.

"தலைவரே, மன்னிப்பு கேளுங்க," என்றார் ஒருவர்.

"அப்படியே மூக்குக்கண்ணாடியையும் மாத்துங்க," என்றார் இன்னொருவர்.

ரஸ்னக் தலைகுனிந்து மன்னிப்பு கேட்டார். நீட்டிய கையை மாமனார் தொடவில்லை. டாயிலின் தோளில் கைபோட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

ரஸ்னக் சமையலறைக்குள் வந்தார். நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவள் இல்லை. அவரைப் பார்க்கவே பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கைக்குட்டையை உருவினார். கூடவே நடுவில் கண்ணாடித்தாள் ஒட்டிய ஒரு சின்ன அட்டை உறை விழுந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். உள்ளே அதே வருஷத்து அரை டாலர். பெண் தலைப் பக்கம், அதே இடதுபுறம், பல் இல்லை.

"எங்க அப்பாவோடது. அதே அச்சு, அதே கோணல்," என்றார் மெதுவாக. "நான் இதைக் காட்டியிருந்தா, சிநேகிதனுக்குப் பரிஞ்சுட்டு வர்றான்னு மறுநாளே பேச்சு கிளம்பும். டாயில் வாயாலயே வந்துட்டா அப்புறம் யார் கிளப்புறது? எம்மெட்டுக்குச் சொல்லிடாதேம்மா. அவனுக்குத் தெரிஞ்சா அடுத்த நிமிஷம் டாயிலுக்குத் தெரியும்."

"ஐயா, உங்களைப் போய் நான்..." என்று ஆரம்பிப்பதற்குள் கூடத்திலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்:

"ரேனா, அந்த ஆளுக்கு நம்ம காப்பி ஒரு சொட்டு கிடையாது. நீ இங்க வா, டாயிலுக்கு இன்னொரு கோப்பை ஊத்து."