மீசை வைத்த மகிழ்விழி

அந்த மோட்டார் கடையில் வருகிறவர்களுக்கு வாசலிலேயே ஒரு கண்ணாடி கொடுத்துவிடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டவர் எப்படிப்பட்ட ஆளை நம்புவாரோ அப்படிப்பட்ட ஆளாகவே விற்பனையாளர் தெரிவார். குரலும் அப்படியே கேட்கும். விவசாயி ஆறுச்சாமிக்கு இரண்டு வருடமாக விற்பனைப் பெண் மகிழ்விழி, மீசை வைத்த இளைஞன்.

அன்று வாழைத்தாரோடு வந்தார்.

"தம்பி, நீ குடுத்த மோட்டாரு அருமையா ஓடுது. எனக்கு ஒரே பொண்ணு. உனக்குச் சம்மதம்னா பேசி முடிச்சுப்போடலாம்."

மகிழ்விழிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் மனுஷன் பத்திரிகையே அடித்துவிடுவார்.

"ஐயா, கண்ணாடியைக் கழட்டுங்க."

கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"என்ற கிணத்து ஆழத்தைக் கேட்டுக் கேட்டு எழுதினது?"

"நான்தானுங்க."

"மோட்டாருல காயில் எரிஞ்சப்ப வந்து மாத்துனது?"

"அதும் நான்தானுங்க."

முதலாளி எழுந்து வந்தார். ஆறுச்சாமி அவரைக் கையமர்த்தினார்.

"ஏனுங்க, இந்த அம்மணியை அனுப்பிப்போட்டீங்கன்னா எங்க ஊர்க்காரங்க ஒருத்தரும் இங்க வரமாட்டோம்."

முதலாளி வாழைத்தாரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஆறுச்சாமி குரலைத் தாழ்த்தினார்.

"அம்மணி, என்ற பொண்ணு, வீட்டு மோட்டாரைத் தானே பிரிச்சு மாட்டறா. ஆம்பளை வேலைன்னு திட்டிட்டே இருந்தேன். நாளைக்குக் கூட்டிட்டு வரட்டுமா?"

"நான் பொண்ணு பார்க்கவாங்க?"

"வேலைக்கு, அம்மணி" என்றார் ஆறுச்சாமி, வெட்கத்தோடு.